கடித்து வைத்த ரொட்டி

அத்தியாயம் 11

எங்கள் வோல்கொக் தெருவில் எல்லாக் கடைக்கும் பெயர் உண்டு. யூகாய் குடும்பத்தின் ரொட்டிக்கடைக்கு மட்டும் மூன்று வருஷமாகப் பெயர் கிடையாது. பலகையில் 'ரொட்டி, சம்சா' என்று இருக்கும். அதற்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். டேப்புக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். யாரும் கேட்பதில்லை.

மூத்த மகன் எல்தோரின் பெயர்தான் அது. தாஷ்கெண்டிலிருந்து தென் கொரியாவின் குவாங்ஜூவுக்கு வந்து கடை திறந்த நாளில் அப்பா வலேரி ஆசையாக வைத்த பெயர். நாலு மேஜை போட்டு காபி கொடுக்கலாம், கடைக்கு அழகாக ஒரு லோகோ வைக்கலாம் என்று எல்தோர் கேட்டான். ரொட்டிக்கு எதற்கடா அலங்காரம் என்று வலேரி கேட்டார். வார்த்தை தடித்தது. பையன் துணிமணியைத் தூக்கிக்கொண்டு கோஜே தீவுக்குப் போய், கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் வேலையில் சேர்ந்துவிட்டான். பஸ்ஸில் போனால் நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தை மூன்று வருஷமாக அவனும் கடக்கவில்லை, இவரும் கடக்கவில்லை.

இப்போது வட்டார அலுவலகம் தெரு முழுக்கப் புதுப் பலகை மாட்டித் தருகிறது. யூகாய் கடையின் பலகையை வடிவமைக்கும் பொறுப்பை இளைய மருமகள் சுல்கி தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். இன்று சனிக்கிழமை.

சுல்கி, மொக்போ துறைமுகத்தில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகள். லோகோ, எழுத்து, அட்டைப்பெட்டி வடிவமைப்பு எல்லாம் முறையாகப் படித்தவள். படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை, கிம்ச்சி ஊறுகாய் டப்பாவில் முட்டைக்கோஸ் படம் போடுவது. எல்தோரின் தம்பி ஆர்தெமைக் கல்யாணம் செய்து ஏழு மாதம் ஆகிறது. புகுந்த வீட்டுக்குத் தன் கையால் செய்து தரும் முதல் காரியம் இது.

ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக்கூடாது, கீழே விழுந்த துணுக்கை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் வந்த முதல் வாரமே அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். இனிக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று நினைத்ததுதான் அவள் செய்த ஒரே தப்பு.

"ஒட்டகம் எங்கே?" என்றார் வலேரி, காலை ஏழு மணிக்கே.

"எந்த ஒட்டகம் மாமா?"

"பலகையிலதான். முக்குக் கடைக்காரன் ரெண்டு போட்டிருக்கான்."

"நீங்க ஒட்டகத்தைப் பார்த்திருக்கீங்களா?"

வலேரி யோசித்தார். "பார்த்திருக்கேன். இங்க வந்தப்புறம், மிருகக்காட்சி சாலையில."

"அப்ப அது உங்க ஒட்டகம் இல்ல. வேற வரைஞ்சிருக்கேன். சாயங்காலம் பார்த்துட்டுத் திட்டுங்க."

"திட்டுறதுக்கு எதுக்குப் பார்க்கணும்?"

"சரி, கடைக்குப் பேரு என்ன போடட்டும்? படிவத்துல அந்தக் கட்டம் மட்டும் காலியா இருக்கு."

"ரொட்டின்னு போடு."

"அது நாம விக்கிற பொருள் மாமா. நான் பேரு கேக்குறேன்."

"ரொட்டிக்கு ரொட்டின்னுதான் பேரு" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்று உணவகங்களுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு, மாவு வாங்கிக்கொண்டு திரும்ப மூன்று மணி ஆகும். வாய்தான் அப்படி. சுல்கி அடுப்புப் பக்கம் வந்தால் தன் கையுறையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற மனுஷன்.

அவர் போனதும் சுல்கி தன் பையைத் திறந்தாள். உள்ளே முந்நூறு வட்ட ஸ்டிக்கர்கள், நேற்று அச்சகத்திலிருந்து வந்தவை. வெள்ளையில் பழுப்புக் கோடு. தடித்த விளிம்பு, நடுவில் வலேரி ஊசி அச்சால் ரொட்டியில் குத்தும் பூ முத்திரை, ஓரத்தில் ஒரு கடி. பலகை வருவதற்கு முன்னால் ரொட்டிப் பைகளில் ஒட்டி ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். ஆர்தெமிடம்கூடக் காட்டவில்லை. அவன் விடியற்காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். சாயங்காலம் வந்து அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாமியார் மஃபுஸா நாலு மணியிலிருந்து தந்தூர் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. ரொட்டியை எடுத்தாள், பையில் போட்டாள், நீட்டினாள்.

பின் தெரு சபோஹத் பையை வாங்கியவள் நகராமல் நின்றாள்.

"யாரு போயிருக்கா மஃபுஸா?"

"எங்க?"

"பயணம். உங்க வீட்டுல."

"யாரும் போகலியே."

"கடிச்ச ரொட்டியைப் பையில ஒட்டி ஊருக்கெல்லாம் அனுப்புறே, யாரும் போகலைங்கிறே." சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு எதுவோ பிடிபட்டு குரல் தணிந்தது. "எல்தோரா? சரி, நான் ஒண்ணும் கேக்கல. நல்லபடியா வந்து மிச்சத்தைச் சாப்பிடட்டும்." பையை மேடையில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, முகத்தில் தடவிக்கொண்டு போனாள்.

அடுத்து வந்த இளைஞனும் பையைப் பார்த்துவிட்டுக் கையை ஏந்தினான். அதற்கடுத்து அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். பத்து மணிக்குள் ஏழு பேர் எல்தோருக்காக வேண்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பார்த்தீங்களா அத்தே" என்றாள் சுல்கி, சந்தோஷம் தாங்காமல். "ஒருத்தர் விடாம நின்னு பார்த்துட்டுப் போறாங்க. கிம்ச்சி டப்பாவை ஒருத்தன்கூட இப்படிப் பார்த்ததில்ல."

மஃபுஸா ஒரு பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. காகிதம் கிழிந்து வந்தது.

சுல்கியின் முகம் வாடிவிட்டது. "பிடிக்கலியா அத்தே?"

"பிடிக்கிறது பிடிக்காதது இல்ல கண்ணு. இதை எங்க பார்த்தே?"

"புதன்கிழமை ரொட்டியை வெச்சுப் படம் எடுக்க வெள்ளைத் துணி கேட்டேனே. பெட்டியில இருக்கு, எடுத்துக்கோன்னீங்க. அந்தத் துணிக்கு அடியில ஒரு முடிச்சுக்குள்ள இருந்துச்சு. ஞாபகத்துக்கு எடுத்து வெச்ச ரொட்டி போலன்னு நினைச்சேன். கடியோட பார்க்க அழகா இருந்துச்சு. காகிதத்துல வெச்சு, சுத்தி பென்சிலால கோடு போட்டேன்."

"உடைஞ்சுதா?"

"இல்ல."

"துணுக்கு எதுவும் உதிர்ந்துதா?"

"இல்ல அத்தே. வெச்ச மாதிரியே திரும்ப வெச்சுட்டேன்."

மஃபுஸா மூச்சை விட்டாள். கடைக் கதவில் 'பத்து நிமிடம்' அட்டையை மாட்டிவிட்டு மருமகளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள்.

"எங்க பக்கம் ஒரு வழக்கம். வீட்டை விட்டுத் தூரமாப் போறவங்க, ஒரு ரொட்டியில ஒரு கடி கடிச்சுட்டுப் போவாங்க. மிச்சத்தை எடுத்து வெச்சிருவோம். யாரும் தொட மாட்டோம். போனவங்க திரும்பி வந்து அவங்களே அதைச் சாப்பிடணும். பட்டாளத்துக்குப் போறவனும் கடிப்பான், படிக்கப் போறவளும் கடிப்பா. கடிச்சுட்டுப் போனா வருவேன்னு அர்த்தம்."

"கடிக்காம போனா?"

"அதைத்தான் சொல்ல வரேன். அன்னிக்கு உங்க மாமா சூட்டோட ஒரு ரொட்டியை எடுத்துட்டு வாசலுக்கே போனார். சண்டை சண்டையா இருந்தாலும் வழக்கத்தை விடக்கூடாது பாரு. 'கடிச்சுட்டுப் போடா'ன்னார். அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். கடை நிறைய ஆளுங்க. உங்க மாமாவுக்கு எப்படி இருந்திருக்கும்? 'அவன் தொட்ட பொருள் எதுவாவது இந்த வீட்டுல இருந்தா அடுப்புல போட்டுருவேன்'னு கத்தினார். நாற்காலி மேல ஏறி அந்த டேப்பை ஒட்டினார்."

"அப்ப இந்த ரொட்டி?"

"மேல போய்த் துணியை எடுத்துட்டு, பின்வாசல் வழியாத்தான் போனான். அவன் போனப்புறம் சமையல்கட்டுக் கூடையைப் பார்க்கிறேன். மேல இருந்த ரொட்டியில ஒரு கடி."

சுல்கி வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமாகிட்ட சொல்லலியா?"

"அன்னிக்குச் சொல்லியிருந்தா அடுப்புல போட்டிருப்பார். கோபம் ஆறட்டும், ஒரு மாசம் கழிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். ஒரு மாசம் ஏன் மறைச்சேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு ரெண்டாவது மாசமும் சொல்லல. இப்ப மூணு வருஷம் ஆயிடுச்சு." முந்தானைபோல் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது இருக்கிற வரைக்கும் அவன் வருவான்னு இருக்கேன் கண்ணு. எனக்கு அது ஒண்ணுதான் பிடிமானம்."

மஃபுஸா முன்பெல்லாம் புருஷனை 'எல்தோர் அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பக்கம் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டேப் ஒட்டிய நாளிலிருந்து அவளுக்கு அவரைக் கூப்பிட வழியில்லாமல் போய்விட்டது. 'இங்க பாருங்க' என்பதோடு மூன்று வருஷமாகக் குடித்தனம் நடக்கிறது.

மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து ஸ்டிக்கர்களைச் சுரண்டினார்கள். பலகைக்குப் புதுப் படம் போடுகிறேன், ஒட்டகமே போட்டுவிடுகிறேன் என்றாள் சுல்கி. அவளுக்கு அழுகையாக வந்தது. தன் படம் போயிற்றே என்பதற்காக இல்லை. அந்தக் கடியை எவ்வளவு ரசித்து வரைந்தோம் என்று நினைக்க நினைக்க மனசு கூசியது.

ஆனால் நாற்பது பைகள் ஏற்கெனவே தெருவுக்குள் போயிருந்தன.

மூன்று மணிக்கு வலேரி தோளில் மாவு மூட்டையோடு வந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினார்.

"இந்தத் தெருவுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு? வண்டியை விட்டு இறங்கினதும் ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு 'நல்லபடியா வந்துருவான்'ங்கிறார். பழக்கடை அம்மா கண்ணு கலங்கி நிக்கிறாங்க. சபோஹத் புருஷன் என்னைக் கட்டிப் பிடிச்சான். அவன்கிட்ட நான் போன வருஷத்துலேருந்து பேசுறதே இல்ல. யாரு வரப் போறா?"

 சபோஹத்தின் புருஷன் திணித்த காலிப் பை அவர் கையிலேயே இருந்தது. வலேரி அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என் முத்திரை" என்றார். பிறகு கடியின் மேல் விரலை வைத்தார். வளைவு சீராக இல்லை. நடுவில் ஒரு இடத்தில் ரொட்டி கடிபடாமல் சின்ன நாக்கு போல நீட்டிக்கொண்டிருந்தது. "இந்த இடத்துல இது ஏன் நிக்குது?"

"சும்மா வரைஞ்சேன் மாமா" என்றாள் சுல்கி.

"சும்மா வராது. ஒன்பது வயசுல பாதாம் கொட்டையைப் பல்லால உடைக்காதேன்னு அடிச்சுச் சொன்னேன். கேக்கல. முன்பல் பாதி போச்சு. அன்னிலேருந்து அவன் எதைக் கடிச்சாலும் நடுவுல இது நிக்கும்." அவர் மஃபுஸாவைப் பார்த்தார். "எங்க இருக்கு?"

மஃபுஸா உள்ளே போய்த் துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். பிரித்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த கையோடு நகர்ந்து, அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டாள். தான் அப்படி நிற்பது அவளுக்கே தெரியவில்லை. சுல்கி பார்த்தாள்.

ரொட்டி கல்லாகக் கிடந்தது. வலேரி அந்த நாக்கு போன்ற இடத்தைத் தொடாமல் அதற்குச் சற்று மேலாக விரலைப் பிடித்திருந்தார்.

"எப்ப?"

"அன்னிக்கேதான். பின்வாசல்ல."

வலேரி மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "என் கையிலேருந்து வாங்கிக் கடிச்சிருந்தா என்னவாம்?"

"நாலு பேர் முன்னாடி கடிடான்னா கடிப்பானா? உங்க புள்ளதானே."

"மூணு வருஷமா ஏண்டி சொல்லல?"

"அடுப்புல போடுவேன்னீங்க."

"அது வாய்ச்சொல்லுடி."

"அந்த வாய்ச்சொல்லைத்தானே மூணு வருஷமா பலகையில ஒட்டி வெச்சிருக்கீங்க."

வலேரி அழுதார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், மாமனார் கடையில் ரொட்டி தட்டக் கற்றுக்கொள்ளப் போய், அவர் பெண்ணையே கட்டிக்கொண்டு வந்தவர், மருமகள் எதிரில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். அவன் வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டே மூன்று வருஷம் ரொட்டி தட்டியிருக்கிறார். வருவேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போனது அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தையும் அந்த வருத்தத்தையும் ஒரே நேரத்தில் எப்படித் தாங்குவது? மஃபுஸா துண்டை நீட்டினாள்.

நாலு மணிக்குப் பலகை செய்யும் பியோ போன் செய்தார். ஐந்துக்குள் படம் வராவிட்டால் அலுவலகத்தின் பொதுப் பலகைதான், ஒரு தடவை மாட்டினால் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது என்று ஞாபகப்படுத்தினார்.

"இதையே போடு மருமகளே" என்றார் வலேரி.

"போடாதே" என்றாள் மஃபுஸா. "நாளைக்கே அவன் வந்து நின்னாலும் தலைக்கு மேல கடிச்ச ரொட்டிதான் தொங்கும். வீட்டுக்கு வந்தவனைப் போனவன்னு சொல்ற பலகை எதுக்கு?"

"அப்ப முழு ரொட்டியா போடு."

"வராதவனை வந்துட்டான்னு சொல்றதா? அது அதைவிடக் கெட்டது."

மணி நாலேகால் ஆயிற்று. இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் பிடிவாதம். சுல்கி லேப்டாப்பைத் திறந்து கடியை மூடி இன்னொரு படம் செய்தாள். இரண்டையும் அருகருகே வைத்தாள். இடப்பக்கம் கடித்தது, வலப்பக்கம் முழுசு.

"எங்க வேலையில ஒரு முறை இருக்கு மாமா. ரெண்டு வரைஞ்சு கொடுப்போம். எதுன்னு கடைக்காரங்கதான் சொல்லணும். நாங்க முடிவு பண்ண மாட்டோம்."

"கடைக்காரங்கதான் இங்க சண்டை போட்டுட்டு நிக்கிறோமே."

"உங்களைச் சொல்லல. கடை யார் பேர்ல இருந்துச்சோ, அவரைக் கேளுங்க."

 வலேரி தன் போனை எடுத்தார். அந்த எண் அதில் அப்படியே இருந்தது. மூன்று வருஷமாக அழிக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை.

சுல்கி இரண்டு படங்களையும் அதில் ஏற்றிக் கொடுத்தாள். வலேரி மாவு ஒட்டிய ஒற்றை விரலால் எழுதினார்: பலகைக்கு எது? ஐந்து மணிக்குள் சொல்.

மஃபுஸா எட்டிப் பார்த்தாள். "கடன்காரனைக் கேக்குற மாதிரி இருக்கு."

அவர் முறைத்தார். பிறகு வரியின் தொடக்கத்தில் ஒரு வார்த்தை சேர்த்தார். மகனே, பலகைக்கு எது? ஐந்து மணிக்குள் சொல்.

அனுப்பும்போது மணி நாலு முப்பத்தெட்டு. நாலு நாற்பத்துநாலுக்கு எல்தோர் பார்த்துவிட்டான் என்று காட்டியது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து சம்சா கேட்டார். மூன்று பேரில் யாரும் திரும்பவில்லை. அவரே எடுத்துக்கொண்டு போனார்.

நாலு ஐம்பதுக்குப் பதில் வந்தது. ரெண்டுலயும் பேரு இல்லையே?

வலேரி எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மூன்று வருஷத்துக்கு முன் ஏறிய அதே நாற்காலி. டேப்பின் ஒரு முனையை நகத்தால் பெயர்த்து இழுத்தார். வெயிலிலும் மழையிலும் இறுகிப்போயிருந்தது, துண்டு துண்டாகத்தான் வந்தது. எதிர்வரிசைக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். மற்ற எழுத்துகள் வெளுத்திருந்தன. மறைந்து கிடந்த பெயர் மட்டும் எழுதிய அன்று இருந்ததைப் போலவே சிவப்பாக இருந்தது.

சுல்கி அதைப் படம் பிடித்து அனுப்பினாள். அந்த எழுத்தையே எடுத்துப் புதுப் படத்தில் ரொட்டிக்குக் கீழே வைத்தாள். படிவத்தில் காலியாக இருந்த கட்டத்தை வலேரி தன் கையாலேயே நிரப்பினார்.

நாலு ஐம்பத்தேழுக்கு எல்தோரின் பதில் வந்தது. முழுசைப் போடுங்க.

சுல்கி அனுப்பு பொத்தானைத் தட்டினாள். பியோவிடமிருந்து 'கிடைத்தது' என்று வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வலேரி அவள் தலையில் கை வைத்தார். கை முழுக்க மாவு, தலை முழுக்க மாவு.

"ஒட்டகம் இல்லாமலும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மஃபுஸா ரொட்டியைத் திரும்பத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். "கல்லா இருக்கே, இதை எப்படிக் கடிப்பான்? பால்ல ஊற வெச்சுத்தான் கொடுக்கணும். அதுவும் அந்தப் பல்லோட."

போன் மறுபடி சிணுங்கியது. இந்தத் தடவை அவள்தான் எடுத்துப் படித்தாள்.

அம்மா, அந்த மிச்சத்தை வெச்சிருக்கீங்கதானே? ரெண்டு பேருக்கு வேணும்.

ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"எல்தோர் அப்பா" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு பேருன்னா யாரு ரெண்டு பேரு?"

 கேள்வி வலேரியின் காதில் விழவே இல்லை. தன்னை அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதிலேயே நின்றுவிட்டார்.